பருப்பு நின்றது, பூ நிற்கவில்லை

டீச்சரம்மாவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒத்தக்கடைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவர்கள் வீட்டுக் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தேன். பெண்ணைப் பெற்றவள், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, அடுப்படியில் திருடி மாதிரி. சோற்றுப் பானையையும் விடவில்லை.

அவர்கள் எங்களைச் சாயங்காலம்தான் எதிர்பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு மத்தியானமே போய் நின்றேன். "கொஞ்சமாச்சும் வெவஸ்தை இருக்கா ஒனக்கு" என்று பஸ்ஸில் வரும்போதே திட்டினார். அவருக்கு என்ன தெரியும்? "சொல்லிட்டுப் போனா ஒரு வீடு, சொல்லாமப் போனா வேற வீடு" என்று நீங்கள் சொன்னது எனக்கல்லவா தெரியும்.

கால் கழுவப் பின்கட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தேன். போகிற வழியில் அடுப்படி. சட்டியின் மூடியைத் தூக்கினேன். வாளைக் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டது. அந்த ஆவி முகத்தில் அடித்ததும் எனக்கு ஒத்தக்கடை மறந்துபோயிற்று. சன்னலுக்கு வெளியே படுத்திருந்த யானைமலை கரைந்துபோயிற்று. ஆரப்பாளையத்துச் சந்தில் எங்கள் பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக ஒரு துண்டு வெயில் தரையில் கிடக்கிறது. நீங்கள் குடையை மடக்கிக்கொண்டு, நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் தலையைக் குனிந்து உள்ளே வருகிறீர்கள்.

நீங்கள் டீச்சர் இல்லை. அதை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தீர்கள். எங்கள் தெருவுக்குக் குடையும் தோல்பையுமாக வருகிற பெண்பிள்ளை யாராயிருந்தாலும் டீச்சர்தான். கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி வேறு. மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"நான் டீச்சர் இல்லைங்க. குடும்பங்க என்ன சாப்பிடுது, அதுக்கு என்ன செலவாகுதுன்னு கேட்டு எழுத வந்திருக்கேன். வாராவாரம் வருவேன்" என்றீர்கள்.

"சாப்புட்ட பெறகு எழுதி என்ன செய்யப் போறீக? திங்கிறதுக்கு முன்னால வந்து எழுதுனாலாவது கூட ஒரு பிடி போட்டு ஆக்கலாம்."

சிரிக்கக் கூடாது என்று ஆபீசில் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. குடையின் கைப்பிடியால் வாயை மறைத்துக்கொண்டீர்கள். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த அம்மாளைச் சிரிக்க வைப்பதுதான் இனிமேல் எனக்கு வேலை என்று.

பார்த்தால் நான் உங்களைவிட மூத்தவளாகத் தெரிய மாட்டேன். ஆனாலும் என்னை அக்கா என்றே கூப்பிட்டீர்கள். மில்காரர் பெண்டாட்டி, இடுப்பில் பிள்ளை, அப்படியானால் அக்காதான் என்று நினைத்தீர்களோ என்னவோ. இரண்டு பேரும் கடைசிவரை வயதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் வயது ஏறாதாம். ஆகவே இனிமேல் நான்தான் அக்கா. சண்டை முடிந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எனக்கே புரிகிற மாதிரி நீங்கள் உங்கள் வேலையைச் சொன்னீர்கள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்திலிருந்து கிளம்பிய தவிட்டுத் தூசி அந்த வெயில் துண்டுக்குள் போய்ப் பொன்னாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னீர்கள்.

"ஒரு வீட்டுக்கு வர்ற காசுல சாப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு போகுதுன்னு பார்க்கணும்க்கா. பங்கு கூடக் கூட, கஷ்டப்படுற வீடு."

"அப்ப நெறையத் திங்கிறவன் ஏழை, கொறையத் திங்கிறவன் பணக்காரனா? எங்க வீட்டுக்காரரு திங்கிற தீனிக்கு, எங்களைப் பிச்சைக்காரங்கன்னு எழுதிக்கங்க."

"வயித்துல எவ்வளவுங்கிறது இல்லக்கா, வருமானத்துல எவ்வளவுங்கிறது. நூறு ரூபா வர்ற வீட்டுல எண்பது சோத்துக்கே போயிட்டா, துணி, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் மிச்ச இருபதுக்குள்ள அடங்கணும். ஆயிரம் வர்ற வீட்டுல நானூறுக்குத் தின்னா நல்லாவும் தின்னலாம், மிச்சமும் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தச் சாப்பாட்டுக் காசுக்குள்ளயும் பார்க்கணும். பாலுக்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு, வெறும் தானியத்துக்கு எவ்வளவுன்னு. கஷ்டம் வந்தா ஒவ்வொண்ணா நிக்கும். எது முதல்ல நிக்குது, எது கடைசி வரைக்கும் நிக்காம இருக்குதுன்னு பார்த்தா வீடு பேசும்க்கா" என்றீர்கள்.

"வீடு பேசுதோ இல்லையோ, நாங்க பேசுவோம். நீங்க எழுதிக்கங்க."

பேசினோம். டீச்சரம்மா, எங்கள் தெருவில் என்ன குழம்பு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லும் வழக்கம் கிடையாது. வெளியாள் கேட்டால் கேட்கவே வேண்டாம். நீங்கள் கேட்ட வேகத்தில் பருப்பில்லாத வீட்டில் சாம்பார் கொதித்தது, கோழியே இல்லாத வீட்டில் முட்டை பொரிந்தது. எதிர்வீட்டு மதினி சொன்ன கணக்கின்படி அந்த வாரம் அவர்கள் வீட்டில் தின்ற கறிக்கு ஒரு கிடாய் பத்தாது. நீங்கள் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொள்வீர்கள். பிறகு எதுவும் தெரியாதவர் மாதிரி, "வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியா யார் சாப்பிடுவாங்க? அவங்களுக்கு என்ன மிச்சம் இருந்துச்சு?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் எங்கள் தெருவில் யாருக்கும் சட்டென்று பொய் வந்ததில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவள்தானே பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கேட்கிற வீட்டில் நீங்கள் தண்ணீரைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஆபீஸ் சட்டமாம். கணக்கெடுக்க வந்தவள் தின்றால் கணக்கு மாறிப்போகும் என்றீர்கள். மத்தியானம் தெருக் குழாயடி வேப்பமரத்துக்கடியில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு டப்பாவைத் திறப்பீர்கள். "கை நனைக்காத சம்பந்தி வந்தாச்சு" என்று நான் வாசலிலிருந்து கத்துவேன். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு பேசி முடிகிற வரையில் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை அல்லவா, அதைச் சொல்லி. "எங்க தெருவை உங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு சீக்கிரம் சொல்லுங்க டீச்சரம்மா, பந்தி போடணும்!" மரத்தடியில் குடை குலுங்கும்.

அப்புறம்தான் மில்லைச் சாத்தினார்கள்.

என்ன தகராறு, யார் பக்கம் நியாயம், அதெல்லாம் இப்போது கலங்கித் தெரிகிறது. மில் சங்கு நின்றது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. காலையில் சங்கு ஊதினால் அடுப்புப் பற்றும், மத்தியானம் ஊதினால் தூக்குவாளி கிளம்பும். அந்தச் சங்கு இல்லாமல் எங்கள் தெரு தூங்கியும் தூங்காமலும் கிடந்தது. ஆண்கள் வைகை மணலில் போய் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வருவார்கள். பகல் முழுக்க ஒரே மத்தியானம் மாதிரி இருந்தது. அந்த மத்தியானத்துக்குள் நீங்கள் மட்டும் வாராவாரம் குடையோடு நடந்து வந்தீர்கள், வேறு ஏதோ ஊரிலிருந்து கனவுக்குள் வருகிறவர் மாதிரி.

எங்கள் வீட்டில் முதலில் நின்றது பால். அப்புறம் எண்ணெய், தாளிக்கிற அளவுக்குச் சுருங்கிச் சட்டியைத் துடைக்கிற அளவுக்கு வந்தது. அரிசி போய்க் கேப்பை வந்தது. பருப்பு எப்போது போயிற்று என்று எனக்கே தெரியாது. ஆனால் கருவாட்டு வாசம் மட்டும் நிற்கவில்லை. அந்த வித்தையை உங்களிடம் பிறகு சொன்னேன், ஆனாலும் மறுபடி சொல்கிறேன், உங்களுக்குப் பிடித்த இடம். நல்ல காலத்தில் வாங்கிய ஒரு வாளைக் கருவாட்டுத் துண்டு ஓலைக் கொட்டானில் மிச்சமிருந்தது. மத்தியானம் அதை எடுத்துக் கரியடுப்பில் ஒரு புரட்டு. வாசம் தெருவுக்குப் போய்ச் சேர்ந்ததும் எடுத்து மறுபடி கொட்டானில். திங்கிறதில்லை. தின்றால் நாளைக்கு வாசத்துக்கு எங்கே போக?

"என்ன மதினி, இன்னைக்கும் கருவாடா?" என்பாள் எதிர்வீட்டு மதினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"என்ன செய்ய மதினி, இவுகளுக்கு அது இல்லாம எறங்க மாட்டேங்குதே."

உள்ளே என் வீட்டுக்காரர் கேப்பைக் கூழில் உப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

உங்களிடமும் அதே பாட்டைத்தான் பாடினேன். கறிதான், மீன்தான். நீங்கள் அதையெல்லாம் எழுதவில்லை என்று கவனித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, கடையில் என்னென்ன வாங்கினேன் என்பதை மட்டும் ஒவ்வொன்றாய்க் கேட்டீர்கள். உப்பு வாங்கினேன். தேயிலைப் பொட்டலம் வாங்கினேன். பூ வாங்கினேன். தினமும் பூ.

"பருப்பு நின்னு பல வாரம் ஆச்சு. பூ நிக்கலையே, ஏன்க்கா?"

"பருப்பைத் தலையில வைக்க முடியாதே டீச்சரம்மா."

நீங்கள் சிரிக்கவில்லை. அதுதான் முதல் தடவை. என் வேலை அன்றோடு போயிற்று. வெளியே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அது தேய்ந்து மறைந்தது. மகள் உங்கள் குடையை விரித்து அதற்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ப் பரணுக்குக் கீழிருந்த பிடியரிசிப் பானையைத் திறந்து காட்டினேன்.

ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து அந்தப் பானையில் போட்டுவிடுவது எங்கள் தெருப் பெண்களின் வழக்கம். சித்திரையில் அழகர் ஆற்றுக்கு வரும்போது எல்லாப் பானையையும் ஒன்றாய்க் கொட்டி, சோறு பொங்கி, ஆற்றங்கரையில் வருகிற சனத்துக்குப் போடுவோம். அழகருக்கு நேர்ந்துகொண்ட அரிசி. வீட்டு ஆட்கள் தொடக் கூடாது. நான் தொட்டிருந்தேன். பிள்ளைக்கு மட்டும் தினம் ஒரு குழந்தைப்பிடி எடுத்து வடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பானையில் அடித்தூர் தெரிந்தது.

"வெளிய சொல்லிறாதீக" என்றேன்.

"எழுத மட்டும் செய்றேன்க்கா" என்றீர்கள். "எழுதுனது இந்தத் தெருவுக்கு வராது."

ஆனால் வந்தது. உங்கள் ஆபீசரோடு வந்தது.

அதற்கு முந்தின நாள் நீங்கள் வந்து, உட்காராமல், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "நாளைக்கு ஆபீசர் வர்றாரு. நான் எழுதுனது சரியான்னு இந்த வீட்டுல மறுபடியும் கேட்பாரு. நான் எதுவும் சொல்லித் தரக் கூடாதுக்கா." உங்கள் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. இந்தச் சுற்று சரியாக முடிந்தால்தான் ஆகும். உங்கள் அப்பா படுக்கையில் கிடந்தார், தம்பி படித்துக்கொண்டிருந்தான், அந்த வீட்டுச் சோறு முழுக்க உங்கள் குடைக்கடியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் உங்களைக் கிண்டிக் கிண்டி நான் வாங்கிய கணக்கு. நானும் சும்மா இல்லை.

ஆபீசர் நல்ல மனிதர்தான். வேர்த்து ஊற்ற வந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஜீப் வந்த சத்தத்துக்கு வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. முன்னால் மதினி. என் வீட்டுக்காரர் ஒரு மூலையில் குந்தியிருந்தார்.

"ஏம்மா, அரிசியே வாங்கலைன்னு வாராவாரம் எழுதியிருக்கு. ஆனா புள்ளைக்கு அரிசிச் சோறுன்னும் எழுதியிருக்கு. பெரியவங்களுக்கு வெறும் கூழு. தினம் பூ மட்டும் வாங்கியிருக்கு. இப்படி ஒரு வீடு இருக்குமா? நெசமா வீட்டுக்குள்ள வந்து கேட்டாங்களா, இல்ல மரத்தடியிலயே உக்காந்து எழுதிட்டுப் போயிட்டாங்களா?"

நீங்கள் கதவோரமாய் நின்றீர்கள். உங்கள் வாய் திறக்கக் கூடாத வாய். குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள்.

எனக்குப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது டீச்சரம்மா. நேற்றுக் கறி, முந்தாநாள் மீன், என்னய்யா இப்படிக் கேட்டுட்டீங்க என்று பல்லைக் காட்டியிருந்தால் தெருவில் என் தலை நிமிர்ந்தே இருந்திருக்கும். உங்கள் தலைதான் போயிருக்கும். வாசலில் மதினியின் மூக்குத்தி மினுங்கியது. உள்ளே போனேன். பிடியரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆபீசர் காலடியில் வைத்துத் திறந்தேன்.

"அவுக எழுதுனது நெசந்தேன் ஐயா. அரிசி வாங்கலை. இது அழகருக்கு எடுத்து வச்சது. அழகரு சாப்பாட்டை எம் மக சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. நானும் இவுகளும் கூழுதேன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஆபீசர் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அப்ப பூ?" என்றார்.

"பூ இல்லாமப் போய் நின்னா கடைக்காரரு உப்பைக்கூடக் கடனுக்குத் தர மாட்டாருய்யா. தலையில பூ இருந்தா, மில்லு தொறந்ததும் குடுத்துருவா, வீடு நல்லாத்தேன் இருக்குன்னு நெனைப்பாரு. பூவுலதேன் எங்க வீட்டு அடுப்பே எரியுது."

அவர் திரும்பி உங்களைப் பார்த்தார். நீங்கள் முதன்முதலாக வாயைத் திறந்து, "அப்படின்னா சார், பூவைச் சாப்பாட்டுப் பக்கம்தான் எழுதணுமோ?" என்றீர்கள். அவர் பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தார்.

அதற்குள் மதினி முந்திக்கொண்டாள்.

"ஏத்தா, அழகருக்கு மதுரை பூராவும் மண்டகப்படி. ஒம் பானை ஒண்ணு கொறைஞ்சா அவரு பட்டினியாவா கெடப்பாரு? அதை விடு. தெனமும் மத்தியானம் ஒரு கருவாட்டு வாசம் வந்துச்சே, அது என்ன?"

"அது வாசம் மட்டுந்தேன் மதினி. கருவாடு கொட்டான்லயே இருக்கு."

மதினி என்னைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அடிப்பாவி! அந்த வாசத்தைத் தொட்டுக்கிட்டுத்தேன் எங்க வீட்டுல இம்புட்டு நாளும் களியே எறங்குச்சு! ஒங்க வீட்டுல அடுப்புப் பத்துற வரைக்கும் எம் பிள்ளைக தட்டை வச்சுக்கிட்டுக் காத்துக்கெடக்கும்டி!"

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். அவர் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது. பிறகு வாசலே சிரித்தது. ஆபீசர் காகிதத்தைப் புரட்டி, "எதிர்வீட்டுல கறின்னு போட்டிருக்கே?" என்றார்.

"அதை அடிச்சுருங்க சாமி" என்றாள் மதினி.

ஜீப் போன பிறகு நீங்கள் மட்டும் நின்றீர்கள். தெருவும் கலைந்துவிட்டது. கொட்டானிலிருந்து அந்தக் கருவாட்டுத் துண்டை எடுத்தேன். இந்த முறை புரட்டிப் போட்டு எடுத்து வைக்கவில்லை, முழுக்கச் சுட்டேன். கூழைக் கரைத்தேன். உங்கள் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தேன். வேண்டாம் என்பீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் குடையைச் சுவரில் சாத்தினீர்கள். கை கழுவினீர்கள். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஜெபம் செய்தீர்கள். அந்தக் கருவாடு இத்தனை நாள் சூட்டில் காய்ந்து செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. மாற்றி மாற்றி இழுத்துக் கடித்துத் தின்றோம். வெயில் துண்டு உங்கள் மடியில் ஏறி, மெல்ல நகர்ந்து, என் மடிக்கு வந்தது. அதைப் போல ருசியாக நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. நினைத்தால் இப்போதும் கனவில் தின்றதா, நிசத்தில் தின்றதா என்று சந்தேகமாய் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் காகிதத்தை எடுத்து ஒரு வரி எழுதினீர்கள். என்ன எழுதுறீங்க என்று எட்டிப் பார்த்தேன். வீட்டு ஆட்களைத் தவிர யாராவது சாப்பிட்டால் எழுத அதில் ஓர் இடம் இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "விருந்தாளி, ஒருவர்."

"சட்டத்துக்கு?" என்றேன்.

"சாப்பிடக் கூடாதுன்னுதான் சட்டம். சாப்பிட்டா மறைக்கணும்னு இல்லையேக்கா."

மில் திறந்தது. சங்கு ஊதியது. அந்தச் சித்திரையில் மதினி தன் பானையிலிருந்து பாதியை என் பானையில் கொட்டிவிட்டு, "அழகருகிட்ட நாஞ் சொல்லிக்கிறேன்" என்றாள். உங்கள் வேலை நிரந்தரமானது. வேறு தெருக்களுக்குப் போனீர்கள், வேறு ஊர்களுக்குப் போனீர்கள். ஆரப்பாளையம் பக்கம் வரும்போதெல்லாம் தலையைக் காட்டுவீர்கள். வந்ததும் கை கழுவிவிட்டு உட்காருவீர்கள். "விருந்தாளி ஒருவர்" என்று நான் உள்ளே குரல் கொடுப்பேன். பிறகு வருவது குறைந்தது. உடம்பு சரியில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த சேதியை உங்கள் தம்பிதான் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டு சொன்னார், எல்லாம் முடிந்த பிறகு. கல்லறைக்கு மல்லிகை வாங்கிக்கொண்டு போனேன். பேரம் பேசவில்லை. வைத்துவிட்டு வரும்போது, இதை எந்தப் பக்கம் எழுதுவீங்க டீச்சரம்மா என்று கேட்டேன். பக்கத்துக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். உங்கள் குடைக்குள் தூங்கினாளே, அவளுக்குத்தான் வரன். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, சொந்த வீடு, கொஞ்சம் வயல் என்று தரகர் அடுக்கினார். என் வீட்டுக்காரர் ஓட்டுக்கூரையையும் தூணையும் கிணற்று மோட்டாரையும் பார்த்தார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு மருமகள் இருக்கிறாள், மூத்தவள். நாங்கள் போனபோது எல்லாரும் சாப்பிட்டாயிற்று, அவள் இன்னும் சாப்பிடவில்லை. எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். எனக்கு வேறென்ன வேண்டும்? கால் கழுவ எழுந்தேன்.

சோற்றுப் பானையில் ஓர் ஆளுக்குத் தாராளமாய்ச் சோறு இருந்தது. வடித்ததை வழித்து ஒதுக்கியது இல்லை, எடுத்து வைத்தது. குழம்புச் சட்டியில் அடிக்குழம்பு மட்டும் இல்லை, வாளையின் நல்ல நடுத்துண்டு கிடந்தது. தலையும் வாலும் மற்றவர்களுக்குப் போயிருந்தன. பக்கத்தில் ஒரு தட்டைக் கவிழ்த்து அப்பளம் வேறு. நான் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த ஆவிக்குள் உங்கள் குரல் கேட்டது, கடைசியாச் சாப்பிடுறவங்களுக்கு என்ன மிச்சம் இருந்துச்சுக்கா என்று. நடுத்துண்டு இருக்கு டீச்சரம்மா, நடுத்துண்டு இருக்கு என்று முனகிக்கொண்டிருந்திருப்பேன் போல.

"என்ன சம்பந்தி, யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கீக?" பின்னால் மாப்பிள்ளையின் அம்மா.

"சும்மா... வாசம் நல்லா இருந்துச்சு" என்று சேலையைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தேன். வந்ததும் என் வீட்டுக்காரரிடம் கண்ணைக் காட்டினேன். இன்னும் பேச்சே ஆரம்பிக்கவில்லையே என்பது போல் பார்த்தார். "எலையைப் போடச் சொல்லுங்க, கை நனைச்சுருவோம்" என்றேன். ஆவணியில் கல்யாணம். நீங்கள் சொல்லித் தந்த அந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை வருடமும் எந்த வீட்டுக்குப் போனாலும் மடியில் கட்டிக்கொண்டு போகிறேன். மகளுக்கும் அதைத்தான் சீராகக் கட்டிக் கொடுக்கப் போகிறேன், பாத்திரம் பண்டத்தோடு.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க மடியில் கையை விட்டேன். குழம்புச் சட்டியின் மூடி வந்தது, பின்னால் குரல் கேட்ட பதற்றத்தில் செருகியது. எவர்சில்வர். சம்பந்தியம்மாள் பெயர் வெட்டியிருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, சில்லறையாக இல்லையா என்று கேட்டார். எங்கள் வீட்டு ரசச் சட்டிக்கு அளவாக இருக்கிறது.